பிள்ளை பிறக்கும் வரை ஒற்றை முள்

உ
தேக்கடி ஏரிக்கரை,
தாது வருஷம் ஆடி மாதம் 22-ந் தேதி

மச்சான் சுருளிவேல் அவர்களுக்கு, கருத்தக்கண்ணன் கும்பிட்டு எழுதுவது. நான் சுகமாக இருப்பதாகத்தான் எழுத வேண்டும். சளி விடவில்லை, அட்டை கடித்த இடமெல்லாம் புண், மற்றபடி சுகம். அங்கே நீங்களும் அத்தையும், முக்கியமாக உங்கள் தங்கை மொக்கம்மாளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதினால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவேன்.

கம்பத்திலிருந்து காய்கறி வண்டி ஓட்டிவருகிற ஒச்சாண்டி வந்து செய்தி சொன்னான். மொக்கம்மாள் முழுகாமல் இருக்கிறாளாம். இரண்டு தடவை கையில் கொடுப்பது போலக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்ட சாமி, மூன்றாவது தடவையாகக் கொடுத்திருக்கிறது. சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது.

அத்தை சொல்லிவிட்டதையும் சொன்னான். "போன ரெண்டு தடவையும் அவ மாசமா இருக்கையில நீங்க மீனை அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சீகளாம். அதான் தங்கலையாம். இந்தத் தடவை ஒரு உசுரையும் கொல்லக் கூடாதாம். முடியும் எடுக்கக் கூடாதாம். ஆத்தா கண்டிசனாச் சொல்லச் சொன்னாக" என்றான்.

முடி எடுக்காமல் இருப்பதில் சிரமம் இல்லை. மீனை என்ன செய்வது? துரை எனக்குச் சம்பளம் தருவதே அதற்குத்தான். அவர் படகின் முன்னால் உட்கார்ந்து ஒரு பித்தளைத் தகட்டை வீசி இழுப்பார். காம்பு இல்லாத கரண்டி போல இருக்கும்; தண்ணீரில் சுழன்று குஞ்சு மீன் மாதிரி மின்னும். அதன் வாலில் மூன்று தூண்டில் முட்கள் முதுகோடு முதுகு ஒட்டி ஒரே வளையத்தில் தொங்கும். மலையாளத்துக்காரர்கள் குயில் என்று சொல்லுகிற பெரிய கெண்டை வந்து கவ்வும். நான் துடுப்பை வைத்துவிட்டு மீனை வலையில் அள்ளி, கட்டையால் தலையில் ஒன்று போட்டு முள்ளைப் பிடுங்க வேண்டும். சின்ன மீன் என்றால் ஏரியில் விடச் சொல்லுவார். ஆனால் மூன்று முள்ளில் ஒன்று உதட்டில், ஒன்று கண்ணில், ஒன்று செவுளில் ஏறியிருக்கும். விட்டாலும் கொஞ்ச நேரத்தில் வயிறு மேலே தெரிய மிதந்துவிடும்.

வேலையை விட்டுவிடலாம். விட்டுவிட்டு? வருசநாட்டில் என் பங்கு நிலம் காட்டுப்பன்றிக்குத்தான் விளைகிறது. அதனால் ஒரு யோசனை செய்திருக்கிறேன். துரைக்குத் தெரியாமல் மூன்று முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டிவிடுகிறேன். ஒற்றை முள் உதட்டில் மட்டும் பிடிக்கும், உடனே கழற்றி விட்டுவிடலாம். பெரிய மீன் வந்தால் கை நழுவிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். மாதிரிக்கு ஒரு மூன்று முள்ளை மெழுகில் பொதிந்து அனுப்பியிருக்கிறேன். கம்பத்துக் கொல்லாசாரியிடம் ஒற்றை முட்கள் அடித்து வாங்கி அனுப்பவும். மூன்று முள் கனத்த கனம் ஒன்றே கனக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு ஒழுங்காகச் சுற்றாது.

அவளை வெயிலில் அலைய விட வேண்டாம். அத்தைக்கு என் கும்பிடு.

தங்கள் மாப்பிள்ளை,
கருத்தக்கண்ணன்


கம்பம்,
ஆவணி 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலம். உங்கள் சளிக்கு அம்மா சுக்கும் திப்பிலியும் இடித்து அனுப்பியிருக்கிறாள். சாப்பிடுங்கள், சாப்பிட்டேன் என்று பொய்யாவது எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய முள் வீட்டுக்குள் வந்த அன்றே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. ஒரு முள்ளைக் கழற்றினால் இன்னொன்று மாட்டுகிறது. அதையும் கழற்றப்போய் என் கட்டைவிரலில் மூன்றாவது. "மாப்பிள்ளை அங்கன பிடிக்கிறது போதாதுன்னு இங்கன ஆள் பிடிக்க அனுப்பியிருக்காக" என்று உங்கள் பெண்டாட்டி சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று. அதற்காக இன்னும் ஒரு விரலைக் கூடக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

ஆசாரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்னப்பா, பாதாளக் கரண்டி போட்ட குட்டியா? கிணத்துல விழுந்த வாளிய எடுக்கவா?" என்று கேட்டார். உங்கள் துரையின் பெருமையை எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். நம்பவில்லை. ஆனாலும் ஒற்றை முட்கள் அடித்துக் கொடுத்துவிட்டார். ஒச்சாண்டியிடம் கொடுத்திருக்கிறேன்.

மொக்கம்மாளுக்கு வாந்தி நின்றுவிட்டது. புளியங்காய் மட்டும் கேட்கிறாள். மாசியில் பிறக்கும் என்று அம்மா கணக்குச் சொல்லுகிறாள். அதுவரைக்கும் நீங்கள் தாடியும் ஜடையுமாகத் திரியுங்கள். துரை சாமியார் என்று நினைத்துக் காலில் விழுந்தாலும் விழுவார்.

வீட்டில் எல்லோரும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள்.

சுருளிவேல்


ஏரிக்கரை,
ஆவணி 29

மச்சானுக்கு வணக்கம். சுக்கு சாப்பிட்டேன். நிஜமாகவே சாப்பிட்டேன்.

முட்கள் வந்தன. ஆசாரியைக் குறை சொல்லக் கூடாது, அவர் ஏரியைப் பார்த்தவர் இல்லை. ஆனால் முள் மெலிவாகப் போய்விட்டது. தகடு கனம் இல்லாமல் மேலே மேலே வந்து குடிகாரன் மாதிரி புரளுகிறது. வளையமும் திரும்பியிருக்கிறது. முள்ளைத் தகட்டில் மாட்டினால் முனை மேலே பார்க்க வேண்டும். இவர் அடித்ததில் முனை பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது, மீன் கவ்வினாலும் ஏறாது. வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பி, கம்பியைத் தடியாக வைத்து அடிக்கச் சொல்லவும். முள்ளின் வாயும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்.

அதுவரை மூன்று முள்ளிலேயேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய மீன் வந்தால் வலையைச் சரியாகப் பிடிக்காமல் நழுவ விடுகிறேன். துரை தலையில் அடித்துக்கொள்கிறார். "உன் கை என்னா ஆச்சு? எண்ணெய் பூசி வந்துச்சா?" என்கிறார். ஏசட்டும். ஏசியே அவர் களைத்துப் போகிறார், படகு தள்ளியே நான் களைத்துப் போகிறேன்.

மச்சான், இனி வருகிற வரியை வீட்டில் சத்தமாக வாசிக்க வேண்டாம், தாண்டிப் போய்விடவும். போன வாரம் ஒரு மீன் செத்துவிட்டது. நான் அடிக்கவில்லை. செவுளில் இரண்டு முள் ஏறியிருந்தது, கழற்றுவதற்குள் என் கையிலேயே அடங்கிவிட்டது. சினை மீன். கையெல்லாம் முட்டை. அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சீக்கிரம் முட்களை அனுப்புங்கள்.

இனிச் சத்தமாக வாசிக்கலாம். மொக்கம்மாள் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. நான் சொன்னேன் என்று சொல்லவும்.

கருத்தக்கண்ணன்


ஏரிக்கரை,
ஐப்பசி 3

மச்சானுக்கு,

புரட்டாசியில் நீங்கள் அனுப்பிய முட்கள் வந்து சேர்ந்தன. கடிதம் வைக்கவில்லையே, நடவு வேலை போல. ஆசாரிக்கு ஒரு கும்பிடு. தகடு இப்போது நேராகச் சுற்றுகிறது. மீன் கவ்வினால் வாய் ஓரத்தில் ஒரே இடத்தில் பிடிக்கிறது. தண்ணீரை விட்டு எடுக்காமலேயே முள்ளைத் திருப்பிக் கழற்றினால் வாலால் என் முகத்தில் ஒரு அடி வைத்துவிட்டுப் போகிறது. அந்த அடியை வாங்கிக்கொள்ள எனக்கு ஆட்சேபணையே இல்லை.

ஆனால் துரை கண்டுபிடித்துவிட்டார். அவர் கண் வெள்ளைக்காரன் கண், முள்ளைப் பார்க்காமல் இருக்குமா? கவ்வின மீனில் பாதி கழன்று போகிறதே என்று தகட்டை எடுத்துப் பார்த்தவர், "இது யார் மாத்திச்சு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். படகிலேயே எழுந்து நின்றுவிட்டார். கவிழ்ந்து இரண்டு பேரும் போய்ச் சேரப்போகிறோம் என்று நினைத்தேன்.

பங்களாவுக்கு வந்த பிறகு பட்லரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள், முன்னால் இரண்டு போய்விட்டது, பிள்ளை பிறக்கும் வரை நான் கொல்லக் கூடாது, முடியும் எடுக்கக் கூடாது என்றேன். துரை நம்பவில்லை, வேலைக்குச் சோம்பல் என்றார். துரைசாணி உள்ளேயிருந்து வந்து அவர்கள் பாஷையில் என்னமோ சொன்னாள். ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் துரை என்னைக் கூப்பிட்டு, "மாசி வரைக்கும் ஒத்தை முள். பிள்ளை வந்தா மறுநாள் மூணு முள். சரியா?" என்றார். பெரிய மீனைப் பட்லரே வந்து அடித்துக்கொள்ளுவானாம், நான் தொட வேண்டியதில்லையாம்.

பிழைத்தேன், மச்சான். மாசி வரைக்கும் கவலை இல்லை. மொக்கம்மாளிடம் சொல்லுங்கள், வெள்ளைக்காரனே அவள் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான் என்று. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

கருத்தக்கண்ணன்


(இந்தக் கடிதம் அப்போது தபாலில் சேர்க்கப்படவில்லை)

கம்பம்,
ஐப்பசி 15

மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. வாசிக்கிற நிலையில் வீடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் வலி கண்டது. இன்னும் நாளிருக்கிறதே என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மருத்துவச்சி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. மூச்சு இல்லை. விரல் நகம் வரைக்கும் இருந்தது, மாப்பிள்ளை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புங்கமரத்தடியில் நான்தான் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

மொக்கம்மாளுக்கு உயிருக்கு ஆபத்தில்லை. நிறைய ரத்தம் போயிருக்கிறது. உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவுகளுக்கு இப்ப எழுதாத. இந்த மழையில அங்கன ஒத்தையில கிடக்காக. இப்பச் சொன்னா அந்தச் செத்த மீனாலதான்னு நினைச்சுக்கிட்டுச் சாவாக. நான் எந்திரிச்சு உக்காந்த பெறகு நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

மீன் செத்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் வயலுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நீங்கள் தாண்டச் சொன்ன வரியை அவள் தாண்டவில்லை.

எழுதிவிட்டேன். எப்படி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.


கம்பம்,
ஐப்பசி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் நலம். உங்கள் நலனுக்கு எழுதவும்.

மழை விடாமல் பெய்கிறது. சுருளி அருவியில் தண்ணீர் பயங்கரமாக விழுகிறதாம், ஆட்களை விடவில்லை. ஆற்றங்கரை வயலில் பாதி மூழ்கிவிட்டது. மாடு ஒன்றுக்குக் கால் வீங்கியிருக்கிறது.

துரை ஒப்புக்கொண்டது சந்தோஷம். குளிர் காலம், கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருக்கவும். மொக்கம்மாள் ஓய்வாகப் படுத்திருக்கிறாள். அம்மா பார்த்துக்கொள்கிறாள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

சுருளிவேல்


ஏரிக்கரை,
கார்த்திகை 2

மச்சானுக்கு வணக்கம்.

மழை பெய்வதை எழுதியிருக்கிறீர்கள். மழை எங்களுக்கும் தெரியும். இங்கிருந்துதான் உங்களுக்கே அனுப்புகிறோம். மாட்டுக் காலை எழுதியிருக்கிறீர்கள். என் பெண்டாட்டியைப் பற்றி ஒரே ஒரு வரி. மாட்டுக்கு ஒரு வரி, அவளுக்கு ஒரு வரி. நியாயமா மச்சான்?

சாயங்காலம் கரை சேர்ந்தால் எனக்கு இடுப்பை நிமிர்த்த முடிவதில்லை. ஈர வேட்டியோடு அப்படியே சுருண்டுவிடத் தோன்றும். ஆனாலும் கண்ணை மூடினால் அவள் வயிறு இப்போது எவ்வளவு இருக்கும் என்றுதான் ஓடுகிறது. ஆறு மாசம் ஆகியிருக்குமே, உதைக்கிறதா? வலது பக்கமா இடது பக்கமா? அத்தை என்ன சொல்லுகிறாள், ஆணா பெண்ணா? மசக்கையில் புளியங்காய் கேட்டாளே, இப்போது என்ன கேட்கிறாள்?

காட்டில் மரம் வெட்டுகிற கூப்பில் ஒரு ஆசாரியைச் சிநேகம் பிடித்து, ஈட்டி மரத்தில் தொட்டில் கட்டை ஒன்று கடைந்து வாங்கியிருக்கிறேன். பிறப்பதற்கு முன்னால் எதுவும் வாங்கக் கூடாது என்று அத்தை ஏசுவாள். அதனால் சொல்ல வேண்டாம், இங்கேயே வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு குயிலை விட்டேன். என் தொடை நீளம் இருக்கும். பட்லர் வரவில்லை, துரையும் தலைவலி என்று தூண்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் படகில் சாய்ந்துவிட்டார். முள்ளைக் கழற்றியதும் போகாமல் என் கையிலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. போடா, போய்ச் சேரு, எனக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கு என்றேன். போய்விட்டது.

விவரமாக எழுதவும்.

கருத்தக்கண்ணன்


கம்பம்,
கார்த்திகை 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் கோபித்துக்கொண்டது சரிதான். விவரமாக எழுதுகிறேன்.

மொக்கம்மாள் நன்றாக இருக்கிறாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. பிள்ளை உதைக்கிறது. வலது பக்கம்தான் அதிகம் உதைக்கிறதாம், அதனால் ஆண் என்று அம்மா சொல்லுகிறாள். இப்போது புளியங்காய் கேட்பதில்லை, வறுத்த அரிசி கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மலை ஏறி இறங்கி வர வேண்டாம், பாதை வழுக்கலாக இருக்கிறது. மாசியில் வந்தால் போதும்.

சுருளிவேல்


ஏரிக்கரை,
மார்கழி 20

மச்சானுக்கு வணக்கம். நலம். அங்கேயும் நலம் என்று நினைக்கிறேன்.

பனி அதிகம். காலையில் ஏரி இருப்பதே தெரியாது, துடுப்பு போடுகிற சத்தத்தை வைத்துத்தான் தண்ணீர் என்று தெரிகிறது. தண்ணீருக்குள் நிற்கிற பட்ட மரங்களில் படகு மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேற்று அக்கரையில் யானைகள் இறங்கிக் குளித்தன. துரை துப்பாக்கி கொண்டுவரவில்லை என்று வருத்தப்பட்டார்.

மீன் அதிகம் கவ்வுவதில்லை. கவ்வுவதை விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு ஒற்றை முள் மட்டும் நிமிர்ந்துவிட்டது, கல்லில் வைத்துத் தட்டி வளைத்துக்கொண்டேன். புதிதாக எதுவும் அனுப்ப வேண்டாம்.

மாட்டுக் கால் குணமாகிவிட்டதா?

கருத்தக்கண்ணன்


கம்பம்,
தை 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மார்கழிக் கடிதத்தில் மாட்டைக் கேட்டிருந்தீர்கள். அவளைக் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். பொங்கலுக்கும் நீங்கள் வரவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் மாசி பிறந்துவிடும். அதற்கு மேல் எந்தப் பொய்யை எழுதுவது?

ஐப்பசியில் ஒரு கடிதம் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அதையும் இதோடு வைத்து அனுப்புகிறேன். இதற்கு முன்னால் அதைப் படியுங்கள். ஆண் பிள்ளை. நாங்கள் யாரும் கண்ணை மூடித் தூங்கி நாளாகிறது.

அவள் தேறிவிட்டாள். வேலையெல்லாம் செய்கிறாள். பேச்சுத்தான் குறைந்துவிட்டது. நானே சொல்லிக்கிறேன் என்றவள் இத்தனை நாளாகச் சொல்லவில்லை. கேட்டால் அடுத்த வாரம் என்பாள். அவளைக் கேட்காமல்தான் இப்போது அனுப்புகிறேன். உதைக்கிறது என்று எழுதிய கையை என்ன செய்தாலும் தகும். ஏசி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

சுருளிவேல்


ஏரிக்கரை,
மாசி 5

மச்சானுக்குக் கருத்தக்கண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உங்களை ஏச மாட்டேன். எனக்குத் தெரியும். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் ஒச்சாண்டி கத்தரிக்காய் மூட்டையை இறக்கிவிட்டு, "மனசைத் தேத்திக்கங்கண்ணே, அடுத்தது நிக்கும்" என்றான். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துவிட்டான், பாவம். நான் தலையை ஆட்டினேன். கத்தரிக்காயைப் பங்களாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்கு அப்புறம்தான் உங்கள் கடிதம் வந்தது. பிள்ளை வலது பக்கம் உதைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பொய் என்று தெரிந்தும் நாலைந்து தடவை வாசித்தேன், மச்சான். வாசிக்க நன்றாக இருந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் அந்தப் பிள்ளையும் போய்விடும்.

கீழே இறங்கி வந்திருக்க வேண்டும். ஒரு நாள் மலை அடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் வந்துவிட்டேன். நான் வந்து நின்றால் அவள் என் முகத்தைப் பார்த்து அழ வேண்டியிருக்கும், எனக்குத் தெரியாது என்று நினைத்தாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று திரும்பி ஏறிவிட்டேன். அந்தச் சினை மீனை நினைக்காத நாள் இல்லை. அதனால்தானா என்று நான் கேட்க மாட்டேன், அதனால் இல்லை என்று நீங்களும் எழுத வேண்டாம்.

துரையிடமும் சொல்லவில்லை. ஒற்றை முள்ளிலேயே மீனை விட்டுக்கொண்டிருந்தேன். யாருக்காக என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தாடியும் எடுக்கவில்லை. எடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துபோகும் அல்லவா.

உங்கள் தைக் கடிதம் வந்த பிறகு இனி எதற்கு என்று குமுளிக்குப் போய் முகம் வழித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் துரை என்னைப் பார்த்துவிட்டு, "ஓ! பிள்ளை வந்திச்சா?" என்று என் தோளில் தட்டினார். நம் வழக்கத்தை அவ்வளவு நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். துரைசாணியும் வெளியே வந்தாள். "ஆணா, பொண்ணா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆண் என்று வந்துவிட்டது.

அவள் உள்ளே போய் ஒரு வெள்ளைக் கம்பளித் துணி கொண்டுவந்து கொடுத்தாள். பூனைக்குட்டி மாதிரி மிருதுவாக இருக்கிறது. துரை, "நாளைக்கு மூணு முள்" என்றார். பேச்சு பேச்சுத்தான். அன்று சாயங்காலம் ஒற்றை முட்களை எல்லாம் கழற்றிவிட்டு மூன்று முட்களை மாட்டினேன். மறுநாள் முதல் மீனை நான்தான் அடித்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, மச்சான். அதுதான் பயமாக இருக்கிறது.

அந்தத் துணியைப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்லித் துரைசாணியிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். மொக்கம்மாளிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுங்கள். இந்தத் தடவை எந்த வரியையும் தாண்ட வேண்டாம்.

கருத்தக்கண்ணன்


கம்பம்,
மாசி 13

மாப்பிள்ளைக்கு,

என் தங்கை சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்தை மாற்றினாலும் தெரிந்துபோகும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இனி அவள் பேச்சு.

நான் இருக்கேன். நீங்க சுகமான்னு கேக்க மாட்டேன், அதான் எழுதியிருக்கீகளே.

தெரிஞ்சுக்கிட்டேதான் அங்கன இருந்தீகளாக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நான் இங்கன வாயில முந்தானையை வச்சு அமுக்கிக்கிட்டுக் கிடந்தேன். ஒச்சாண்டி வண்டி சத்தம் கேட்டா, அய்யோ இவன் போயிச் சொல்லிருவானோன்னு பதறுவேன். அவன் என்னைக்கோ சொல்லிட்டான். லோயர் கேம்ப் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனீகளாமே. அங்கனயிருந்து நம்ம வீடு எம்புட்டுத் தூரம்? உங்க முகத்தைப் பாத்தா நான் அழுவேன்னு வரலையாம். அழுகத்தானே வரணும். வேற எதுக்கு ஒரு மனுசன் வாராக?

எனக்கு உங்க மேல கோவம் ஆறலை. எழுதுண்ணே, ஆறலைன்னே எழுது.

அந்த மீனைப் பத்தி இனி எழுதாதீக. நீங்க ஏரி முழுக்க வலை போட்டு அள்ளியிருந்தாலும் நிக்கிறது நிக்கும், போறது போகும். ஆத்தா ஒண்ணு சொல்லும், மருத்துவச்சி ஒண்ணு சொல்லுவா. சுமந்தவ நான். நான் சொல்றேன், மீனால இல்லை. நீங்க என் பிள்ளைக்காக ஒரு முள்ளை மாத்துனீக, வெள்ளைக்காரன்கிட்ட ஏச்சு வாங்குனீக. அது எனக்குப் போதும்.

அந்தத் துணியைக் கொடுத்திராதீக. பிறக்குமுன்ன எதுவும் வாங்கக் கூடாதுன்னு இங்கன ஒருத்தரும் ஒரு முழத் துணி எடுக்கலை. என் பழைய சேலையைக் கிழிச்சுத்தான் சுத்திக் கொண்டுபோனாக. நீங்க ஒளிச்சு வச்ச தொட்டில் கட்டையை விட்டா, என் பிள்ளைக்குன்னு ஒருத்தர் கொடுத்தது அது ஒண்ணுதான். அது எனக்கு வேணும். ஆம்பளைப் பிள்ளைன்னு நீங்க சொன்னதும் பொய்யில்லை. ஆம்பளைப் பிள்ளைதான். உங்க மூக்கு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுல அண்ணனோட வாரேன். குமுளியில வந்து நிக்க வேண்டாம், வீட்டுலயே இருங்க. இனி நீங்க அங்கனயும் நான் இங்கனயும் கிடக்க வேண்டாம். நான் ஒத்தையில அழுதது போதும். மிச்சத்தை ரெண்டு பேருமா உக்காந்து அழுவோம். அழுது முடிச்சிட்டுச் சோறாக்குறேன்.

மொக்கம்மாள் சொல்லச் சுருளிவேல் எழுதியது